மேசைமேல் ஓர் உலகம்: பாத்திர ஆட்டமும் அகப்பொருள் இலக்கணமும்

தமிழ்த்துறை ஆய்வுகளின் எல்லை கடந்த அரை நூற்றாண்டில் பெரிதும் விரிந்துள்ளது. ஓலைச்சுவடியும் அச்சுநூலும் மட்டுமே ஆய்வுப்பொருள் என்றிருந்த நிலை மாறி, வாய்மொழிக் கதை, கூத்து, திரைப்பாடல், விளம்பரம், இணைய எழுத்து ஆகியன ஆய்வேடுகளுக்குரியனவாயின. எனினும் நால்வரோ ஐவரோ ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து, எழுதப்படாத கதையொன்றைப் பேசிப் பேசியே உருவாக்கும் பாத்திர ஆட்டம் இன்றும் இவ்வெல்லைக்குப் புறத்தேயே நிற்கிறது. இதுகுறித்து ஒரு கருத்தரங்கில் நான் கட்டுரை வாசித்தபோது, அமர்வுக்குத் தலைமையேற்ற பேராசிரியர் ஒரே வினாவை எழுப்பினார்: “இதில் பனுவல் எங்கே அம்மா இருக்கிறது?” அரங்கில் சிரிப்பு எழுந்தது. எனக்கு விடை தெரியவில்லை. ஆனால் வினா நியாயமானது என்பது அப்போதே தெரிந்தது. அதற்கு விடை தேடும் முயற்சியே இக்கருத்துரை.

ஆட்டத்தின் இயல்பை முதற்கண் சுருக்கமாகக் கூறுதல் வேண்டும். ஆடுவோருள் ஒருவர் உலகை விவரிப்பவர். ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்பர். ‘மழை ஓய்ந்துவிட்டது, சத்திரத்தின் கதவு தாழிடப்பட்டிருக்கிறது’ என்பார் முன்னவர். ‘நான் பின்பக்கம் சென்று பார்க்கிறேன்’ என்பார் பாத்திரமேற்றவர். செயலின் விளைவு ஐயத்திற்குரியதாகும்போது பகடை உருட்டப்படும். பார்வையாளர் இல்லை, எழுதிய உரையாடல் இல்லை, பெரும்பாலும் வெற்றி தோல்வியும் இல்லை. உலகை விவரிப்பவரை ஆங்கிலத்தில் ‘டன்ஜன் மாஸ்டர்’ என்பர். இதற்கு ‘நடத்துநர்’ என்னும் சொல்லை முதலில் ஆண்டேன். கேட்டவர் அனைவருக்கும் பேருந்துப் பயணச்சீட்டே நினைவுக்கு வந்தமையால் ‘கதைநடத்துநர்’ என்று மாற்றிக்கொண்டேன்.

இவ்வாட்டத்தின் வேர் போர்ப்பயிற்சியில் உள்ளது. 1824இல் பிரஷ்யப் படை அதிகாரி ரைஸ்விட்ஸ் வரைபடத்தின்மேல் ஆடும் போராட்டத்திற்கான விதிநூலை வெளியிட்டார். விதிகள் பெருகிப் பெருகி ஆட்டம் நகராத நிலை தோன்றவே, 1876இல் வெர்டி டு வெர்னுவா விதிப்பட்டியல்களை விடுத்து, போரை நேரிற்கண்டறிந்த நடுவரின் தீர்ப்பே போதும் என்றார். கட்டிய விதிக்கும் கண்ட உலகிற்கும் இடையிலான இம்முரண், புலனெறி வழக்கத்தை நாடக வழக்கும் உலகியல் வழக்கும் இணைந்ததாகக் கொண்ட தொல்காப்பியத்தைப் பயின்றோருக்குப் புதிதன்று. 1969இல் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் டேவிட் வெஸெலி என்பார், பிரவுன்ஸ்டைன் என்னும் கற்பனை ஊரை அமைத்து, படைத்தலைவர்களோடு வங்கியாளர், பல்கலைக்கழக வேந்தர் முதலிய பாத்திரங்களையும் ஆடுவோருக்கு வழங்கினார். அவர்கள் போரை மறந்து தமக்குள் சூழ்ச்சி செய்யவும் சண்டையிடவும் தொடங்கினர். ஆட்டம் பாழாயிற்று என்று அவர் கருதினார். ஆடியவர்களோ மீண்டும் எப்போது என்று கேட்டனர். அக்குழுவைச் சேர்ந்த டேவ் ஆர்னெசனும் விஸ்கான்சினைச் சேர்ந்த கேரி கைகாக்ஸும் இணைந்து 1974இல் வெளியிட்ட ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’, மூன்று சிறு நூல்களாக முதலில் 1000 படிகளே அச்சாயிற்று.

அதற்கு மறு ஆண்டு வெளிவந்த ‘எம்பயர் ஆஃப் த பெட்டல் த்ரோன்’ மொழித்துறையினர் அறிந்திருக்க வேண்டிய ஆட்டமாகும். அதை உருவாக்கிய எம். ஏ. ஆர். பார்க்கர், மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் தெற்காசிய மொழிகளைக் கற்பித்த மொழியியலாளர். கிளாமத் என்னும் அமெரிக்கப் பழங்குடி மொழிக்கு இலக்கணமும் அகராதியும் செய்தவர். உருதுவுக்கும் பலூச்சிக்கும் பாடநூல் எழுதியவர். தாம் கற்பனை செய்த டெக்குமெல் உலகிற்கு மொழி, எழுத்து, சமயம், அரசமுறை, குலமரபு அனைத்தையும் அவர் வகுத்தளித்தார். அவருடைய மேசையிலும் பிறர் மேசைகளிலும் களப்பணி செய்த சமூகவியலாளர் கேரி ஆலன் ஃபைன், 1983இல் வெளியிட்ட தம் நூலில், ஆடுபவர் ஒரே வேளையில் மூன்று தளங்களில் இயங்குகிறார் என்று காட்டினார்: வீட்டுக் கவலையுள்ள மனிதர், விதியறிந்த ஆட்டக்காரர், கதைக்குள் வாழும் பாத்திரம். பேச்சு இம்மூன்றுக்கும் இடையே இடையறாது தாவும். டெக்குமெலின் செறிவை வியந்தோர் பலர். அச்செறிவே உள்ளே நுழைய விடாத மதிலாக நின்றது என்று குறை கூறியோரும் பலர். ஓர் அரசவை வணக்கத்தைப் பிழையின்றிச் சொல்லவே பயிற்சி வேண்டும் என்னும் உலகில் புதியவர் வாய்திறக்க அஞ்சுவது இயல்பே.

அப்பிழையை நானும் செய்தேன். ஆய்வியல் நிறைஞர் பட்டத்திற்குப் பயின்றபோது, விடுதித் தோழியர் நால்வருக்காக ஓர் உலகை உருவாக்கினேன். ஐந்திணையை ஐந்து நாடுகளாக்கி வரைபடம் தீட்டினேன். குறிஞ்சிக்குப் பச்சை, நெய்தலுக்கு நீலம், தென்மேற்கில் பாலைக்கு மஞ்சள். அரச பரம்பரைகளை 60 பக்கக் குறிப்பேட்டில் எழுதி நிரப்பினேன். முதல் நாளாட்டத்தில் ஒருத்தி கேட்டாள்: “இந்த ஊரில் குடிக்கத் தண்ணீர் எங்கே எடுப்பார்கள்?” 60 பக்கங்களில் அதற்கு விடை இல்லை. கருப்பொருளைப் பதினான்காக விரித்து நீரையும் ஊரையும் தனித்தனியே எண்ணிய நம்பியகப்பொருளைத் தேர்வுக்காக மனனம் செய்தவள் நான். உணவு, விலங்கு, பறவை, பறை, தொழில் என்னும் அப்பட்டியலை வகைப்பாடு என்றே கற்றிருந்தேன். ஓர் இடத்தில் மனிதர் வாழ்கின்றனர் என்று நம்பவைக்க இவையே முதலில் வேண்டும் என்பதை அந்த வினாதான் உணர்த்தியது.

இரண்டாம் நாளாட்டத்தில், ‘பாலைக்குப் போவோம்’ என்றாள் இன்னொருத்தி. வரைபடத்தில் மஞ்சள் இருந்தது, ஆதலால் சென்றனர். அங்கே மணல் இருந்தது, வேறொன்றும் இல்லை. தொல்காப்பியர் நானிலத்திற்கு நிலம் வகுத்தபோது பாலைக்குத் தனிநிலம் கூறாமல் விட்டதும், முல்லையும் குறிஞ்சியும் வேனிலால் தம் இயல்பு திரிந்தே பாலை வடிவு கொள்ளும் என்று சிலப்பதிகாரம் உரைப்பதும் அன்றிரவு முற்றிலும் வேறு பொருள் தந்தன. பாலை போய்ச் சேரும் இடமன்று. இருக்கும் நிலம் அவ்வாறு ஆவது. அதை மஞ்சள் வண்ணமிட்டு ஒரு மூலையில் ஒதுக்கியதே என் பிழை. திணை மயங்கலாம், உரிப்பொருள் அல்லாதன மயங்கலாம் என்று இலக்கணம் நெகிழ்ந்து கொடுக்கும்போதும் உரிப்பொருளை மட்டும் அந்நெகிழ்ச்சிக்கு உட்படுத்தாதது ஏன் என்பதற்கு உரைகளில் காணாத ஒரு விளக்கத்தை ஆட்டமேசையில் கண்டேன். வரைபடத்தைக் கிழித்துவிட்டு, ‘உன் தந்தை உப்பு வண்டியோடு சென்று 40 நாளாயிற்று’ என்பதிலிருந்து மீண்டும் தொடங்கினேன். உமணர் மகளாக ஆடியவள் தன் சேரி, கழி, உப்புக் குவியலுக்குக் காவலிருக்கும் நாய் ஆகியவற்றைத் தானே கூறத் தொடங்கினாள். அந்நிலத்தை நான் படைக்கவில்லை, காத்திருத்தல் படைத்தது.

ஆட்டத்திற்கு நெருங்கிய இலக்கணம் திணையினும் செய்யுளியலிலேயே மிகுதி என்பது என் கருத்து. செய்யுளுறுப்புகள் 34இல் கூற்று, கேட்போர், களன், முன்னம், எச்சம் ஆகியன கதைநடத்துநரின் அன்றாடக் கருவிகள். எந்த இடத்தில் யார் யாரிடம் எதைக் கூறுதல் பொருந்தும் என்னும் குறிப்பே முன்னம். சத்திரத்துக் காவலன் இளவரசியிடம் எவ்வாறு பேசுவான் என்று நொடியில் முடிவு செய்ய நேர்பவர் முன்னத்தை நம்பியே வாய்திறக்கிறார். கூறாது விட்டதைக் கேட்போர் நிறைத்துக்கொள்ள விடுவது எச்சம். புதிய கதைநடத்துநர் பெரிதும் தவறுவது இங்கேதான். அனைத்தையும் தாமே விவரித்துவிட்டால் எதிரிருப்பவருக்குச் செய்வதற்கு ஏதுமில்லை. கேட்போர் என்னும் உறுப்பில் ஒரு வேறுபாடு உண்டு. அகப்பாட்டில் தோழி கேட்கிறாள். அவளுக்கு அப்பால் நாமும் கேட்கிறோம். மேசையில் அவ்வப்பால் இல்லை, கூறுவோரே கேட்போர். 2015 முதல் ‘கிரிட்டிக்கல் ரோல்’ குழுவினர் தம் ஆட்டத்தை நேரலையாக ஒளிபரப்பத் தொடங்கியதும் காண்போர் பெருகினர், ஆட்டம் கூத்தாயிற்று. அதைத் தாழ்வு என்று கூறவில்லை. அது வேறு கலை.

இவ்வொப்புமைகளைக் கண்டு, ‘ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தமிழரிடம் பாத்திர ஆட்டம் இருந்தது’ என்று எழுதப் புகுவோர் பொறுத்தல் வேண்டும். அகப்பாட்டு தலைமக்களின் பெயரைச் சுட்டுவதில்லை. பாத்திர ஆட்டமோ பெயர் சூட்டுவதிலிருந்தே தொடங்குகிறது. இவ்வொரு வேறுபாடே அக்கூற்றை வீழ்த்தப் போதுமானது. உறவு தேடியே ஆகவேண்டும் என்போர் தெருக்கூத்துக் கட்டியங்காரனை நோக்கலாம். வேடமிட்டு வருபவனை ‘நீ யார்’ என்று வினவி, கதைக்குள்ளும் வெளியிலும் கால்வைத்து நிற்பவன் அவன். ஆயினும் கூத்தில் முடிவு அனைவருக்கும் தெரியும். பதினெட்டாம் போரில் துரியோதனன் வீழ்வானா என்று எவரும் பகடை உருட்டுவதில்லை.

உலகைப் படைப்பவரின் உள்ளம் அவ்வுலகில் படியும் என்பதையும் மறைத்தலாகாது. 1991இல் புனைபெயரில் வெளிவந்த, யூத வெறுப்பு மிக்க ஒரு நாவல் பார்க்கர் எழுதியதே என்று 2022இல் டெக்குமெல் அறக்கட்டளை ஒப்புக்கொண்டது. அவருடைய மொழியறிவை வியந்து எழுதும் எவரும் இதையும் சேர்த்தே எழுத வேண்டும். ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆட்டத்திலும் பாத்திரத்தின் இனத்தைப் பட்டியலிலிருந்து தெரிவு செய்யும் வழக்கம் நெடுநாள் இருந்தது. இன்ன இனத்தில் பிறந்தவன் இயல்பிலேயே கொடியவன் என்றும் அதன் நூல்கள் கூறின. 2020இல் அதன் வெளியீட்டாளர்கள் இச்சித்திரிப்பை மாற்றுவதாக அறிவித்தனர். 2024 பதிப்பில் அச்சொல்லே நீக்கப்பட்டது.

இது அயலாரின் சிக்கல் என்றே எண்ணியிருந்தேன். என் முதல் ஆட்டத்திற்கான பாத்திரத் தாளைத் தமிழாக்கியபோது, பெயருக்கு அடுத்த கட்டத்தில் ‘குலம்’ என்று எழுதிவிட்டேன். தாளைப் பெற்ற நால்வருள் ஒருத்தி நிமிர்ந்து, “இதில் என்ன எழுத வேண்டும்?” என்றாள். அறை அமைதியாயிற்று. ஒரே விடுதியில் இரண்டு ஆண்டு ஒன்றாக உண்டவர்கள் நாங்கள். எவர் எச்சாதி என்று எவரும் எவரையும் வாய்விட்டுக் கேட்டதில்லை, அனைவருக்கும் தெரியும். ‘இது கதைக்குத்தான்’ என்றேன். அவள் சிரித்தாள், அந்தச் சிரிப்பை இன்றும் மறக்க இயலவில்லை. அடுத்த முறை ‘தொழில்’ என்று மாற்றினேன். உமணர், எயினர், பரதவர் என்று நிரப்பத் தொடங்கியதும் தொழிலும் பிறப்பும் நம் நிலத்தில் எவ்வளவு பிரிக்க இயலாதவை என்பது தெரிந்து அதையும் அடித்தேன். கருப்பொருள் எதை எடுத்தாலும் அதற்குள் ஒரு குடி பிறந்து கிடக்கிறது. இப்போது அக்கட்டத்தில் ‘யாருக்காகக் காத்திருக்கிறாய்?’ என்றுள்ளது. உமணர் மகள் அதிலிருந்து வந்தவளே.

பனுவல் எங்கே என்னும் வினாவுக்கு வருகிறேன். விதிநூல், கதைநடத்துநரின் குறிப்பேடு, பாத்திரத் தாள், ஒலிப்பதிவு என நான்கும் சான்றுகளே, எதுவும் பனுவலன்று. வில்லுப்பாட்டையும் ஒப்பாரியையும் பதிவுசெய்து ஆய்ந்த நாட்டார் வழக்காற்றியல் இந்நிலையை முன்பே எதிர்கொண்டு, நிகழ்த்துதலையே ஆய்வுப்பொருளாக ஏற்றுக்கொண்டது. அதே அளவுகோல் இங்கும் போதும் என்று கருதுகிறேன். ஆடியோரின் இசைவு பெற்று எடுத்த ஒலிப்பதிவு 11 மணி நேரம் என்னிடம் உள்ளது. அதில் இரண்டு மணி நேரத்தை எழுத்தாக்கியுள்ளேன். இடப்பக்கம் கூற்று யாருடையது என்று குறிப்பதற்கு ஒரு பத்தி விட்டிருக்கிறேன். உமணர் மகளாக ஆடியவள், வண்டிகள் திரும்பிய நாளாட்டத்தில், “நான் அவரிடம் இனிப் பேசப்போவதில்லை” என்று கூறிவிட்டு எழுந்து வெளியே சென்றாள். அந்த ‘நான்’ பாத்திரமா, ஆட்டக்காரியா, என் தோழியா என்று தெரியாமையால் அவ்வரிக்கு எதிரேயுள்ள கட்டம் இன்னும் வெற்றாகவே உள்ளது.