கூடாரம் அடிக்க இடம் எது?

விடுமுறை வந்துவிட்டால் குடும்பஸ்தனுக்கு இரண்டு கவலைகள் உண்டாகின்றன. குழந்தைகளை எங்கே அழைத்துச் செல்வது என்பது ஒன்று. அழைத்துச் சென்ற இடத்தில் எங்கே படுக்க வைப்பது என்பது மற்றொன்று. முன்காலத்தில் இரண்டாவது கவலை அவ்வளவாக இல்லை. மாமா வீடு, அத்தை வீடு, சத்திரம், சாவடி என்று எங்கேயாவது ஒரு திண்ணை காத்திருக்கும். தற்காலத்திலோ ஹோட்டல் அறையும் அலுத்துப் போய், மலைமேல் கூடாரம் அடித்து நட்சத்திரங்களைப் பார்த்துக்கொண்டு உறங்க வேண்டும் என்ற ஆசை நமது ஜனங்களைப் பிடித்திருக்கிறது. துணிக் கூடாரத்துக்குள் கட்டில், மெத்தை, மின்விளக்கு, குளியலறை எல்லாம் அமைத்து, அதற்குக் 'கிளாம்பிங்' என்று ஒரு பெயரும் சூட்டிவிட்டார்கள். பெயர்தான் புதிது. மொகலாயச் சக்கரவர்த்திகள் கூடார நகரத்தையே கூடச் சுமந்துகொண்டு யாத்திரை போனார்கள். ஜமாபந்திக்கு வந்த வெள்ளைக்காரக் கலெக்டர்களும் மாந்தோப்பு நிழலில் கூடாரம் அடித்து, உள்ளே மேஜை நாற்காலி போட்டு உட்கார்ந்தவர்களே.

கோவில்பட்டிக்கு மேற்கே கரிசல் காட்டில் இருக்கும் இளையரசனேந்தல் போன்ற ஊர்களில் இந்த ஆசை எழுவதில் வியப்பொன்றும் இல்லை. சுற்றிலும் சமதரை, வானம் தெளிந்த நாளில் மேற்கே மலைத்தொடர் ஒரு நீலக்கோடாகத் தெரிகிறது. அந்தக் கோட்டைப் பார்த்துப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, ஒரு நாளாவது அதன்மேல் படுத்துறங்க வேண்டும் என்று தோன்றத்தானே செய்யும்? இப்பொழுது சிலருக்கு அதுவும் போதவில்லை. எரிமலைப் பிரதேசம் ஒன்றில் கூடாரம் அடித்துத் தங்க வேண்டும் என்கிறார்கள். "அதற்கு வெகுதூரம் போவானேன்? நமது கரிசலே எரிமலைக் கருங்கல் கரைந்து உண்டான மண்தானே? அப்படியானால் மேற்கு மலையும் ஒரு காலத்தில் எரிமலையாகத்தானே இருந்திருக்க வேண்டும்?" என்று கேட்பவர்களும் உண்டு.

கேள்வி நியாயமானது, விடைதான் வேறு. மகாராஷ்டிரத்துக் கரிசல் மண் எரிமலைக் குழம்பு உறைந்த பாறையிலிருந்து உண்டானது என்பது உண்மை. திருநெல்வேலிச் சீமைக் கரிசலின் பிறப்பு அதுவன்று. அடியில் கிடக்கும் மிகப் பழைய பாறைகள் வெயிலிலும் மழையிலும் சிதைந்து, வறண்ட சீதோஷ்ணத்தில் கறுத்துத் திரண்ட மண் இது. குற்றாலமும் பொதிகையும் எரிமலைகள் அல்ல. பூமியின் ஆழத்தில் மிகுந்த வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவாகி மேலெழுந்த பழம்பாறைகள். அந்த வகையில் முக்கியமான ஒன்றுக்குச் 'சார்னகைட்' என்று பெயர். கல்கத்தாவில் ஜாப் சார்னக் என்ற ஆங்கிலேயரின் சமாதியில் பதித்திருக்கும் கல் நமது சென்னைப் பக்கத்துக் கல். அவர் பெயரையே உலகத்துச் சாஸ்திர நூல்கள் அந்தப் பாறைக்கு வைத்துவிட்டன. கல் நம்முடையது, பெயர் அவருடையது. போகட்டும்!

நமது தேசத்தில் எரிமலை கட்டிய மலைகளைப் பார்க்க வேண்டுமானால் வடக்கே சஹ்யாத்திரிக்குப் போக வேண்டும். சுமார் 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன், பூமி வெடித்து வழிந்த குழம்பு அலை அலையாகப் பரவி, ஒன்றன்மேல் ஒன்றாக உறைந்தது. இன்றும் சுமார் 5 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பில் அந்தப் பாறை கிடக்கிறது. மலைச்சரிவுகள் படிக்கட்டுகள் போல் தோன்றுவதற்குக் காரணம் அதுவே. லோனாவாலா, பண்டார்தரா, பவனா ஏரிக்கரை, 1,646 மீட்டர் உயரமுள்ள கல்சுபாய்ச் சிகரத்தின் அடிவாரம் ஆகிய இடங்களில் இப்பொழுது கூடாரங்கள் காளான் போல் முளைத்திருக்கின்றன. அந்த மலைகளின் நெருப்பு என்றோ அணைந்துவிட்டது. இந்தியாவில் உயிரோடிருக்கும் எரிமலை அந்தமான் கடலில் உள்ள பாரன் தீவு ஒன்றுதான். அங்கே மனிதர் எவரும் குடியிருக்கவில்லை.

நெருப்பு அணைந்த மலையில் என்ன பயம் என்று நினைப்பதுதான் பெரிய அபாயம். சஹ்யாத்திரியில் உயிரைக் குடிப்பது நெருப்பு அல்ல, நீர். அடுக்கடுக்கான பாறைகளுக்கு மேலும் இடையிலும் மக்கிய மண் இருக்கிறது. மகாபலேஷ்வரத்தில் ஓர் ஆண்டில் ஐயாயிரம் மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. கோவில்பட்டிச் சீமையில் சராசரி ஆயிரத்தைக் கூட எட்டுவதில்லை. அவ்வளவு நீரும் மண்ணுக்குள் இறங்கி அடியில் உள்ள பாறையைத் தொட்டதும், மேலே இருக்கும் மண் வழுக்கிக்கொண்டு கீழே வருகிறது. 2014 ஜூலை 30-ஆம் தேதி புனா ஜில்லாவில் மாலின் என்ற கிராமம் இப்படித்தான் புதைந்தது. 150 பேருக்கு மேல் மாண்டனர். 2023 ஜூலை 19-ஆம் தேதி இரவு ராய்கட் ஜில்லாவில் இர்ஷால்வாடிக்கும் அதே கதி நேர்ந்தது. இரண்டும் மலைச்சரிவை ஒட்டிய குடியிருப்புகள். இரண்டும் ஜூலை மாதம். ஆகையால் சஹ்யாத்திரிக்குப் போகிறவர்கள் மழை ஓய்ந்த பிறகு, அக்டோபர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரையில் போவதே உசிதம். பச்சைப் பசேலென்று படம் எடுத்துப் போட்டு ஆடி மாதத்தில் அழைக்கிறவர்களின் பேச்சைக் கேட்க வேண்டாம்.

இடம் தேர்ந்தெடுப்பதில் முதல் விதி இதிலிருந்தே கிடைக்கிறது. கூடாரத்தின் வாசலில் நின்று கீழே தெரியும் காட்சியைப் பார்க்கும் முன், திரும்பி நின்று மேலே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். வெட்டிய சரிவு, புதிதாகப் போட்ட சாலை, சாய்ந்து நிற்கும் மரங்கள், ஊறிக் கசியும் மண் இவை மேலே தென்பட்டால் அங்கே தங்கக்கூடாது. மலேயாவில், செலாங்கூரைச் சேர்ந்த பத்தாங் காலியில், 2022 டிசம்பர் 16-ஆம் தேதி விடியுமுன் ஒரு சரிவு இடிந்து கூடாரங்களின்மேல் விழுந்தது. குழந்தைகள் உட்பட 31 பேர் உறக்கத்திலேயே போனார்கள். அதுவும் பள்ளி விடுமுறைக் காலந்தான்.

இரண்டாவது விதி பள்ளத்தைப் பற்றியது. 'ஏந்தல்' என்றால் நீரை ஏந்தி நிற்கும் இடம், ஏரி என்று பொருள். பள்ளத்தில் நீர் சேரும் என்பதை ஊர்ப் பெயரிலேயே வைத்திருக்கும் நமக்கு யாரும் இதைக் கற்பிக்க வேண்டியதில்லை. ஆனாலும் மலைக்குப் போனதும் ஓடைக்கரையின் வெண்மணல் மெத்தை போல் மனத்தை மயக்குகிறது. மலையாறு நம் தலைக்கு மேல் பெய்யும் மழையைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. எங்கோ உச்சியில் பெய்ததைச் சுமந்துகொண்டு ஒரு நொடியில் வருகிறது. 2024 மே 17-ஆம் தேதி பழைய குற்றாலத்தில் திடீரென்று வந்த வெள்ளம் பதினேழு வயதுப் பையன் ஒருவனை அடித்துக்கொண்டு போனதை நம் பக்கத்து ஜனங்கள் மறந்திருக்க முடியாது. எரிமலைப் பிரதேசமானால் ஆற்றுப் பள்ளத்தில் வெள்ளத்தோடு சாம்பலும் சேறும் சேர்ந்து வரும். 1985 நவம்பர் 13-ஆம் தேதி தென்னமெரிக்காவில் கொலம்பியா தேசத்து அர்மேரோ என்ற பட்டணம் அத்தகைய சேற்றில் மூழ்கிச் சுமார் 23,000 பேர் இறந்தனர். சேற்றைக் கிளப்பிய எரிமலையோ பல மைல்களுக்கு அப்பால் இருந்தது.

பள்ளத்தில் நீர் மட்டுமல்ல, காற்றும் தேங்கும். பாழுங்கிணற்றைத் தூர் வார இறங்குகிறவர்கள் முதலில் ஒரு விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்குவார்கள்; விளக்கு அணைந்தால் ஆள் இறங்குவதில்லை. உயிருள்ள எரிமலைகளைச் சுற்றியுள்ள பள்ளங்கள் அத்தகைய பாழுங்கிணறுகளே. பூமிக்குள்ளிருந்து கசியும் கரியமில வாயு காற்றைவிடக் கனமானதால், காற்றோட்டமில்லாத இரவில் தாழ்ந்த இடத்தில் வந்து படிகிறது. அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. 1979-இல் ஜாவாத் தீவின் டியெங் மேட்டு நிலத்தில் நூற்றுக்கு மேற்பட்ட கிராமவாசிகளும், 1986-இல் ஆப்பிரிக்காவில் காமரூன் தேசத்து நியோஸ் ஏரிக்கரையில் சுமார் 1,700 பேரும் இந்த வாயுவுக்கே பலியானார்கள். ஆகவே காற்றுக்கு ஒதுக்கமாக இருக்கிறதே என்று குழியில் போய்ப் படுப்பதைவிட, கொஞ்சம் குளிரைப் பொறுத்துக்கொண்டு மேட்டில் படுப்பது மேல்.

மூன்றாவது விதி, யாரை விசாரிப்பது என்பது. சுமத்ராவில் மராப்பி என்ற எரிமலை 2023 டிசம்பர் 3-ஆம் தேதி வெடித்தபோது மலையேறியவர்களில் இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அந்த எரிமலையை ஆராயும் இலாகா, உச்சியிலிருந்து 3 கிலோமீட்டருக்குள் எவரும் போக வேண்டாம் என்று முன்னமே எச்சரித்திருந்தது. மலையேறுவதற்கு அனுமதிச் சீட்டும் ஒரு பக்கம் வழங்கப்பட்டுக்கொண்டுதான் இருந்தது! சீட்டு விற்கிறவரிடம் அபாயத்தைப் பற்றிக் கேட்டால் என்ன பதில் கிடைக்கும்? அபாயத்தை அளப்பவர் யாரோ அவரிடம் கேட்க வேண்டும். அவரும் எல்லாம் அறிந்தவரல்ல என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். ஜப்பானில் ஒன்டாகே மலை 2014 செப்டம்பர் 27-ஆம் தேதி வெடித்தபோது எச்சரிக்கை மிகக் கீழ்ப் படியில்தான் இருந்தது. அறுபதுக்கு மேற்பட்டோரை மலை கொண்டுபோயிற்று. ஆதலால் உயிருள்ள எரிமலையைத் தூரத்திலிருந்து பார்த்து மகிழலாம். அதன் வாயருகே இராத் தங்குவது குடும்பத்தோடு வந்தவருக்கு அழகல்ல.

இவ்வளவையும் படித்துவிட்டு, "எரிமலை வேண்டாம், நமது மேற்கு மலையே போதும்" என்று தாய்மார்கள் முடிவு கட்டலாம். நல்ல முடிவுதான், ஆனால் இங்கே நெருப்பு வேறு உருவத்தில் காத்திருக்கிறது. 2018 மார்ச் 11-ஆம் தேதி தேனி ஜில்லாவில் குரங்கணி மலையில் உலர்ந்த புல்லில் பற்றிய தீ மலையேறச் சென்றவர்களைச் சூழ்ந்துகொண்டது. இருபதுக்கு மேற்பட்ட இளம் உயிர்கள் கருகின. தீ சரிவில் மேல்நோக்கித்தான் விரைந்து ஓடும். மனிதனால் அந்த வேகத்தில் மேலே ஏற முடியாது. மாசி முதல் சித்திரை வரை காய்ந்த புற்சரிவில் கூடாரம் அடிப்பதும், அடுப்பு மூட்டுவதும் கூடவே கூடா. யானையின் வழியும் அப்படியே. 2021 ஜனவரியில் வயநாட்டு மேப்பாடியில் கூடாரத்தில் தங்கச் சென்ற ஒரு பெண்மணியை யானை கொன்றது. காட்டு விலங்குகள் இரவில் தண்ணீருக்கு இறங்கும் தடத்தில் நாம் படுத்துக்கொண்டால் குற்றம் விலங்கினுடையதன்று.

நமது முன்னோர் இவற்றை நன்கு அறிந்திருந்தார்கள். மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகளில் சமண முனிவர்கள் தங்கிய குகைகளைப் பார்த்தவர்கள் ஒன்றைக் கவனித்திருக்கலாம். குகையின் நெற்றியில் பாறையை நீளமாகக் குடைந்து ஒரு காடி வெட்டியிருப்பார்கள். மழைநீர் பாறையில் வழிந்து படுக்கைக்கு வராமல் அந்தக் காடியிலேயே தடைபட்டு வெளியே சொட்டிவிடும். மெத்தையும் விளக்கும் இல்லாத அந்த முனிவர்கள், கூரைக்கு முன்னால் நீரின் போக்கை யோசித்தார்கள். முல்லைப்பாட்டில் வரும் பாசறையில் புதர்களை அகற்றி முள்வேலி இட்ட பிறகே கூடாரங்கள் எழுகின்றன. கரிசல் காட்டில் ஆட்டுக் கிடை போடுகிற கீதாரியைக் கேட்டால் இன்றைக்கும் மேடு, காற்று, தண்ணீர், பூச்சி பொட்டு என்று வரிசையாகச் சொல்லுவார். நனைந்த கரிசலில் முளைக்குச்சி நிற்காது, காய்ந்த கரிசலில் வெடிப்பு வாய் திறக்கும் என்பதும் அவருக்குத் தெரியும்.

இனி நடைமுறைக்குச் சில வார்த்தைகள். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறு டிகிரி வெப்பம் குறையும். கரிசல் காட்டு உடம்புக்குக் கம்பளி அவசியம். பகல் வெளிச்சம் இருக்கும்போதே இடத்தை அடைந்து, நாலாபுறமும் நடந்து பார்த்துவிட வேண்டும். வனப்பகுதியானால் வன இலாகாவின் அனுமதியை நம் கண்ணால் காண வேண்டும். தமிழ்நாட்டு அரசாங்கம் 2024 அக்டோபரில் 40 மலைப் பாதைகளை முறைப்படுத்தி, வழிகாட்டியுடன் போவதற்கு ஏற்பாடு செய்தது. முதன்முதலாக மலையேறுகிறவர்கள் அத்தகைய பாதையில் பகலில் போய்ப் பழகுவது நலம். அருகில் உள்ள வைத்தியசாலை எத்தனை மைல், இரவில் வண்டி கிடைக்குமா, கழிவுநீர் எங்கே போகிறது என்ற கேள்விகளைக் கூச்சமில்லாமல் கேட்க வேண்டும். கழிவுநீர் ஓடையில் போய்ச் சேருகிறது என்றால், கீழே அதைக் குடிக்கும் கிராமம் ஒன்று இருக்கிறது என்று அர்த்தம்.

சொகுசுக் கூடாரக்காரர் மெத்தையின் கனத்தையும் குளியலறையின் பளிங்கையும் படம் பிடித்து அனுப்புவார். அவரிடம் இன்னொரு படமும் கேளுங்கள்: கூடாரத்துக்குப் பின்னாலுள்ள மலைச்சரிவின் படம். அதை அனுப்பத் தயங்கினால், முன்பணத்தை அனுப்ப நீங்களும் தயங்கலாம். அந்த ஆண்டு விடுமுறைக்கு அத்தை வீடு இருக்கவே இருக்கிறது.