சேற்றுப் பந்தயமும் பொதுப் பூங்காவும்

வண்டியும் ஒருநாள் ஓடத்தேறும், ஓடமும் ஒருநாள் வண்டியேறும் என்பது நம்மவர் பழமொழி. வண்டியானது மனிதன் தோள்மீது ஏறும் காட்சியை அப்பழமொழி கூறியவர் கண்டிலர் போலும். மேனாடுகளிலே, குளிர்காலத்திலே, ஊர்ப் பூங்காக்களில் நடைபெறும் சைக்ளோகிராஸ் என்னும் துவிசக்கர வண்டிப் பந்தயத்தில் இக்காட்சியைக் காணலாம். ஏறிச் செல்வதற்கென்று செய்யப்பெற்ற வண்டியை, ஏறினவனே சுமந்துகொண்டு சேற்றில் ஓடுவதைக் காண்போர் முதலில் நகைப்பர். சற்றுப் பொறுத்து வியப்பர். இவ்விளையாட்டின் பெருமை ஒருபுறமிருக்க, இதனையொட்டி எழுந்துள்ள ஒரு வழக்கைப் பற்றியே யாம் இங்கு எமது கருத்தைக் கூற விழைகின்றோம். பலர்க்கும் பொதுவான பூங்காவைச் சிலர் தம் விளையாட்டிற்காக உழுது சேறாக்குதல் தகுமா? இதுவே அவ்வழக்கு.

முதற்கண் இவ்விளையாட்டின் இயல்பை அறியாதார் பொருட்டுச் சில கூறுவோம். புல்வெளி, மணல், மேடு, பள்ளம் ஆகியவற்றினூடே பாம்பென வளைந்து செல்லும் ஒரு பாதையைக் கயிறு கட்டி வகுப்பர். சர்வதேசப் பந்தய விதிகளின்படி ஒரு சுற்று 2.5 முதல் 3.5 கிலோமீட்டர் நீளமுடையது; பாதையின் அகலம் 3 மீட்டருக்குக் குறைதலாகாது. இடையிடையே 40 செண்டிமீட்டருக்கு மேற்படாத பலகைத் தடைகளை நிறுத்துவர். அவற்றை அணுகியவுடன் பந்தயக்காரர் வண்டியினின்றும் குதித்து, அதனைத் தூக்கித் தாண்டி, மீண்டும் பாய்ந்தேறுவர். செங்குத்தான ஏற்றங்களில் அதனைத் தோளிலே மாட்டிக்கொண்டு ஓடுவர். உயர்தர வீரர்க்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் பந்தயம் நடைபெறும். உள்ளூர்ப் பந்தயங்களில் புதியவர்க்கு அதனினும் குறைவாகவே நேரம் வகுப்பர்.

இஃது இன்று நேற்றுத் தோன்றியதன்று. 1902ஆம் ஆண்டில் பிரான்சு தேசத்தில் முதற் சாம்பியன் பந்தயத்தை அமைத்தவர் டானியேல் கூஸோ என்னும் போர்வீரர் என்பர். 1910ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டுச் சுற்றுப் பந்தயத்தில் வெற்றி பெற்ற ஒக்டாவ் லாப்பீஸ் என்பார், இக்குளிர்காலப் பயிற்சியே தமக்கு உறுதுணையாயிற்று என்று கூறியதன் பின்னர் இதன் புகழ் பரவலாயிற்று. 1950ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் நடைபெற்ற முதல் உலகப் போட்டியில் ழான் ரோபிக் வாகை சூடினார்.

இத்தகைய பந்தயத்தைப் பூங்காவில் நடத்துவானேன் என்று வினவலாம். காரணம் எளிது. பெருமுதல் செலவிட்டு அரங்கம் எழுப்ப இதற்குத் தேவையில்லை. சில மேடும் சில பள்ளமும் உள்ள புல்வெளி கிடைத்தால் போதும். குளிருக்கு அஞ்சி மக்கள் வீட்டினுள்ளே அடங்கும் மாதங்களில் ஆளற்றுக் கிடக்கும் பூங்காவானது அன்று ஒருநாள் உயிர் பெறுகின்றது. பாதை வளைந்து வளைந்து வருதலின், ஓரிடத்தில் நிற்போர் ஒரே வீரனைப் பன்முறை காண்பர். சீட்டு வாங்காது வேடிக்கை பார்க்கும் சிறுவர் மணியடித்து ஆரவாரிப்பர். சிறுவர், மகளிர், நரைத்த தலையினர் யாவரும் அவரவர் வகுப்பில் அதே பாதையில் ஓடுகின்றனர். முதல்வனுக்குக் கிடைக்கும் கரகோஷம் கடைசியில் வருபவனுக்கும் கிடைக்கின்றது. சில வேளைகளில் மிகுதியாகவே கிடைக்கின்றது. தோல்வியுற்றவனை நாணச் செய்யாத விளையாட்டு உலகில் அரிது. ஆதலின் இவ்விளையாட்டை யாம் இகழ்வோமல்லோம்.

ஆயினும் மறுபக்கத்தாரின் கூற்றையும் செவிமடுத்தல் நீதியாகும். பூங்கா என்பது நாள்தோறும் காலையில் உலாவும் முதியவர்க்கும், குழந்தையை விளையாட விடும் தாய்க்கும் உரியது. இவர்கள் சங்கம் சேர்ந்தவரல்லர்; விண்ணப்பம் எழுதுபவருமல்லர். பந்தயம் முடிந்த மறுநாட் காலையில் வழக்கம்போல் வந்து, புல்லிருந்த இடத்தில் சேற்றைக் கண்டு, ஒன்றும் கூறாமல் திரும்புவோர் இவரே. வாயில்லாதவர் வழக்கு ஆதலாலேயே அதனை எடுத்துரைக்க யாரேனும் வேண்டியிருக்கின்றது.

புல்லுக்கு நேரும் சேதத்தையும் மரத்துக்கு நேரும் சேதத்தையும் பகுத்து நோக்குதல் இங்கு இன்றியமையாதது. புல் மிதிபட்டாலும் விதை தூவிப் பேணினால் வசந்தகாலத்தில் தழைக்கும். மரத்தின் கதை வேறு. நீரையும் உணவையும் உறிஞ்சும் நுண்வேர்களிற் பெரும்பாலன மேலுள்ள ஒன்றிரண்டு அடி மண்ணிலேயே படர்ந்துள்ளன. அவை கிளைகளின் நிழல் எல்லைக்கு அப்பாலும் செல்வன. மண் நனைந்திருக்கும்பொழுது அதன்மேல் நூற்றுக்கணக்கான சக்கரங்களும் கால்களும் அழுத்துமாயின், மண்ணின் இடையேயுள்ள காற்றுப்புழைகள் நசுங்கி அடைபடுகின்றன. வேர் மூச்சுவிட இயலாது தவிக்கின்றது. அதன் விளைவு அன்றே தோன்றாது. சில ஆண்டுகள் கழித்து உச்சிக்கிளை காயும்பொழுதே தெரியவரும். அப்பொழுது பந்தயத்தை நினைப்பார் யார்? நம் உழவர் பதமறிந்தே ஏர் பூட்டுவர். களிமண் நிலத்தைச் சேறாயிருக்கையில் மிதித்துவிட்டால் காய்ந்தபின் அது கல்லாகும் என்பதை அவர்க்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை.

இவ்வழக்கு வெறும் கற்பனையன்று. அமெரிக்க நாட்டின் டெக்ஸாஸ் மாகாணத்தில் ஆஸ்டின் நகரிலுள்ள ஸில்கர் பூங்காவில் 2015ஆம் ஆண்டு ஜனவரியில் அந்நாட்டின் தேசியப் போட்டிகள் நடைபெற்றன. இடைவிடாத மழையால் நிலம் ஊறிற்று. முக்கியப் பந்தயங்கள் நடக்கவேண்டிய 11ஆம் தேதி ஞாயிறு காலையில், முதிய மரங்களின் வேர்களுக்குக் கேடு வருமென்று கருதி நகரப் பூங்காத் துறையினர் பந்தயத்தை நிறுத்திவிட்டனர். ஓராண்டு முழுதும் பயின்று, நெடுந்தூரம் பயணஞ்செய்து வந்தோர் அச்சேற்றிலே திகைத்து நின்றனர். மறுநாள் திங்கட்கிழமை பந்தயங்கள் நடத்தப்பெற்றன. ஆடவரில் ஜெரமி பவர்ஸும் மகளிரில் கேட்டி காம்ப்டனும் வென்றனர். எனினும் ஒருநாள் கூடுதலாகத் தங்க இயலாதோர் சிலர் ஓடாமலே ஊர் திரும்பினர். மரத்தைக் காத்தவரைக் குறை கூற எமக்கு மனமில்லை. ஓடாமல் திரும்பிய இளைஞனின் கண்ணீரைப் புறக்கணிக்கவும் மனமில்லை. குற்றம் நிறுத்தியதில் இல்லை. நிறுத்தப்படும் என்பதை அன்று காலையில்தான் அவன் அறிய நேர்ந்ததே குற்றம்.

இதற்கு ஈராண்டுக்கு முன், 2013ஆம் ஆண்டு பிப்ரவரியில், அதே நாட்டின் கெண்டக்கி மாகாணத்து லூயிவில் நகரில் உலகப் போட்டி நடைபெற்றதை ஒப்பிட்டு நோக்குக. ஐரோப்பாவுக்கு வெளியே அப்போட்டி நடந்தது அதுவே முதன்முறை. ஓஹையோ ஆற்றங்கரையிலுள்ள ஈவா பாண்ட்மன் பூங்காவில் இருநாட்கள் நடத்த ஏற்பாடாகியிருந்தது. ஆற்றில் வெள்ளம் பெருகி வருவதறிந்து, பந்தயங்கள் அனைத்தையும் 2ஆம் தேதி சனிக்கிழமை ஒரே நாளில் முடித்துவிட முன்னதாகவே தீர்மானித்து, அவ்வாறே முடித்தனர். ஆடவரில் ஸ்வென் நீஸ் வென்றார். மகளிரில் மரியானே வோஸ் வென்றார். ஆற்றோடு வழக்காடுவார் இலர். ஆதலின் அதற்கு எளிதில் பணிந்தனர். மரத்துக்கும் அவ்வாறே பணிதல் கூடாதோ?

ஆகவே எமது கருத்து இது. பூங்காவில் பந்தயம் நடைபெறுக. ஆயின் கடன் வாங்கிய பொருளைப் பேணும் முறையில் நடைபெறுக. மரங்களின் வேர்ப்பரப்பைப் பாதை வகுக்கும்பொழுதே விலக்கிவிட வேண்டும். நிலத்தின் பதத்தைத் தீர்மானிக்கும் அதிகாரம் பந்தயம் நடத்துவோரிடம் இருத்தலாகாது. பூங்காக் காவலரிடமே இருத்தல் வேண்டும். அவர் தமது முடிவைப் பந்தயத்திற்கு முந்திய மாலைக்குள் அறிவித்தல் வேண்டும். என்ன நேர்ந்தால் நிறுத்தப்படும் என்பது பெயர் பதிவு செய்யும்போதே யாவர்க்கும் தெரிந்திருத்தல் வேண்டும். பாதை ஆண்டுதோறும் இடம் மாறுதல் நன்று. இறுதியாக, புண்பட்ட புல்வெளியைக் கூலியாட்களிடம் விட்டுவிடாது, பந்தயம் ஓடியவர்களே மறுவாரம் வந்து மண்ணைக் கொத்தி விதைத்தல் வேண்டும். தோளில் வண்டியைச் சுமந்தவர்க்கு ஒரு மண்வெட்டி பாரமாகாது.

சேறே இவ்விளையாட்டின் உயிர். அதனை நீக்கினால் எஞ்சுவது யாது என்று பந்தயக்காரர் கேட்பர். நியாயமே. சேறு மிக்க பந்தயத்தையே அவர்கள் ஆண்டுக்கணக்கில் நினைவு கூர்வர் என்பதை யாம் அறிவோம். திறந்த வெளியிலுள்ள சேற்றை அவர்கட்கு யாரும் மறுக்கவில்லை. மரத்தடியிலுள்ள சேற்றை மட்டுமே மறுக்கின்றோம். மழை மிகுந்த ஓராண்டில் பந்தயமே கைவிடப்படலாம். அஃது உண்மையான இழப்பே. ஆனால் இழப்பைத் தாங்கப் பழகுவதன்றோ விளையாட்டு நமக்குக் கற்பிக்கும் முதற்பாடம்?

இவ்விதழைப் படிக்கும் மாணவ நண்பர்களிற் பெரும்பாலோர் இப்பந்தயத்தைக் கண்டிரார். ஆயினும் பொதுவிடத்தில் விளையாடாதார் நம்மில் ஒருவருமிலர். ஆடுகளம் நம்முடையது என்று கூறுமுன், நாம் போனபின் அங்கு வருவோர் யார் என்று ஒருகணம் எண்ணுவோமாக. வென்றவன் மேனியிற் படிந்த சேறு அன்றிரவே நீரிற் கரைந்துவிடும். அவன் விட்டுச் சென்ற சுவட்டை மரம் நெடுநாள் சுமக்கும்.