மூன்று பேர் வேறு, மூவர் வேறு

மெண்டல்ஸோனின் டி மைனர் பியானோ டிரையோவுக்கு எந்த ரிக்கார்டு சிறந்தது என்று இசை தெரிந்த நண்பர்களைக் கேட்டால் பதில் தயாராக இருக்கும். ஹைஃபெட்ஸ், ரூபின்ஸ்டைன், பியாட்டிகோர்ஸ்கி, 1950. 'மில்லியன் டாலர் டிரையோ' என்று பெயரிலேயே விலைச்சீட்டு தொங்குகிறது. அதற்கு மேல் பேச என்ன இருக்கிறது என்பார்கள். நிறைய இருக்கிறது. அந்த ரிக்கார்டுக்கு முதலிடம் கொடுத்தது பெரிய பெயர்களின் மேல் நமக்குள்ள மயக்கம், காது அல்ல. இதுதான் என் கட்சி.

முதலில் அந்தப் படைப்பைப் பற்றி. மெண்டல்ஸோன் இதை எழுதியது 1839ல். பியானோ பகுதி பழைய பாணியில் இருக்கிறது என்று நண்பர் ஹில்லர் சொன்னதும், பிடிவாதம் பிடிக்காமல் உட்கார்ந்து திருத்தி எழுதினார். அதனால் பியானோ வாசிப்பவருக்கு மூச்சுவிட நேரமில்லாத வேலை. ஆனால் ஆரம்பத்தைக் கவனியுங்கள். முதல் மெட்டு செல்லோவுக்கு. பியானோ அதன் அடியில் தாளம் சற்றுத் தள்ளி, படபடப்பாக, ஆனால் அடக்கமாக வாசிக்க வேண்டும். வயலின் பிறகுதான் வருகிறது. இரண்டாம் பகுதியிலோ பியானோ தனியாகப் பாட, மற்ற இருவரும் சும்மா இருக்கிறார்கள். நம் கச்சேரியைப் போல முக்கியக் கலைஞர், பக்கவாத்தியம் என்ற ஏற்பாடு இதில் கிடையாது. தலைமை கைமாறிக்கொண்டே இருக்கும். தன் முறை இல்லாதபோது ஒதுங்கத் தெரிந்தவர்தான் இதற்கு லாயக்கு.

இனி 1950 ரிக்கார்டுக்கு வருவோம். மூவரும் மேதைகள், மறுப்பில்லை. மூன்றாம் பகுதியான ஸ்கெர்ட்ஸோவில் மத்தாப்புப் பொறி பறக்கிறது. அந்த வேகத்தில் அவ்வளவு சுத்தமாக வாசிக்க இன்றும் ஆள் குறைவு. ஆனால் முதல் பகுதியைக் கேளுங்கள். செல்லோ பாடும்போதும் ஹைஃபெட்ஸின் வயலின் மேல் வெளிச்சம் அணையவே இல்லை. துணைக்கு வாசிக்கும் இடத்திலும் அவர் ஹைஃபெட்ஸாகவே இருக்கிறார். விளம்பரத்தில் யார் பெயர் முதலில் வரவேண்டும் என்று தமக்கும் ஹைஃபெட்ஸுக்கும் நடந்த சண்டையை ரூபின்ஸ்டைனே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அந்தச் சண்டை ரிக்கார்டிலும் கேட்கிறது என்பேன்.

இதற்கு எதிரே 1927ல் லண்டனில் பதிவான கோர்ட்டோ, திபோ, கஸால்ஸ் ரிக்கார்டை வையுங்கள். அவர்கள் சேர்ந்து வாசிக்கத் தொடங்கியது 1905 வாக்கில். பதிவின்போது இருபது ஆண்டுப் பழக்கம். ஒருவர் மெட்டை முடிக்கும் தினுசிலேயே அடுத்தவர் எடுத்துக்கொள்கிறார். கஸால்ஸ் தொடங்கும்போது கோர்ட்டோ காட்டும் அடக்கம் ஒன்றே போதும். கோர்ட்டோவின் விரல் அங்கங்கே தவறும், உண்மைதான். திபோ ஸ்வரத்துக்கு ஸ்வரம் வழுக்கிச் செல்வது இன்றைய காதுக்குப் பழசாகப் படும், அதுவும் உண்மை. இரைச்சல் இருக்கிறதே என்பவர்களுக்கு ஒரு பதில்: எழுபது தாண்டிய நம் காதுக்கு அதில் பாதி எட்டாது. வயதானதில் இப்படி ஒரு லாபம்!

இன்னொரு ஆட்சேபணை இதைவிடக் கனமானது. அதைச் சிரித்துத் தள்ள முடியாது. மெண்டல்ஸோன் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். அந்த ஒரே காரணத்துக்காக நாஜிகள் அவருடைய இசையைத் தடுத்தார்கள்; 1936ல் லைப்ஸிக் நகரில் இருந்த அவருடைய சிலையை அகற்றினார்கள். இதே கோர்ட்டோ, நாஜிகளுக்கு இணங்கிப்போன விஷி அரசில் பதவி வகித்தார். 1942ல் ஜெர்மனிக்கே போய் வாசித்தார். போருக்குப் பின் அவருக்கு ஓராண்டு தடை விதித்தார்கள். கஸால்ஸோ, ஃபிராங்கோவை எதிர்த்து நாடு திரும்பாமலே காலம் கழித்தவர்.

அப்படியென்றால் ரிக்கார்டைத் தூக்கி எறியலாமா? கூடாது. அது கோர்ட்டோவின் தனிச்சொத்து அல்ல. ஆனால் "கலை வேறு, ஆள் வேறு" என்று சொல்லிக் கை கழுவுவதையும் நான் ஏற்கமாட்டேன். 1927ல் இவ்வளவு அன்பாக வாசித்த இசையைத் தடைசெய்த நாட்டில், பதினைந்து ஆண்டு கழித்து மேடையேறினார் என்பதையும் சேர்த்தே தெரிந்துகொண்டு கேட்க வேண்டும். கஷ்டமாகத்தான் இருக்கும். இருக்கட்டும்.

1961 நவம்பரில் கென்னடி அழைப்பில் வெள்ளை மாளிகையில் கஸால்ஸ் இதே டிரையோவை ஷ்னைடர், ஹோர்ஷோவ்ஸ்கியுடன் வாசித்தார். அப்போது அவருக்கு 84 வயது. வாசிக்கும்போது அவர் முனகுவதும் பதிவாகியிருக்கிறது. அதைப் போட்டியில் சேர்ப்பதே தப்பு. அது ஒரு மனிதரின் சாட்சியம். மதிப்பெண் போடுகிறவர்கள் தள்ளி நிற்கலாம்.

ஒன்றே ஒன்றுதான் வைத்துக்கொள்ள முடியும் என்றால்? 1960களில் போ ஆர்ட்ஸ் டிரையோ பதிவுசெய்தது என்பேன். பியானோ மெனாஹெம் பிரெஸ்லர், 1939ல் நாஜி ஜெர்மனியிலிருந்து தப்பிய யூதச் சிறுவன். வயலின் டேனியல் கியே. செல்லோ பெர்னார்ட் கிரீன்ஹவுஸ், கஸால்ஸின் மாணவர். 1955ல் தொடங்கிய அந்தக் குழு, வயலினும் செல்லோவும் கைமாறினாலும், பிரெஸ்லரோடு 2008 வரை நடந்தது. மூன்று நட்சத்திரங்கள் சில நாள் கூடிக் கலைவதல்ல, தினசரி சாதகம். ரிக்கார்டும் தெளிவு.

நம்பாதவர்கள் ஒன்று செய்யுங்கள். பேரப்பிள்ளைகளிடம் சொன்னால் மூன்றையும் யூட்யூபில் தேடித் தருவார்கள். ஒவ்வொன்றிலும் முதல் இரண்டு நிமிடம், மெட்டை விட்டுவிட்டு, துணைக்கு வாசிப்பவர் என்ன செய்கிறார் என்று மட்டும் கேளுங்கள். அதற்குப் பிறகும் மில்லியன் டாலர்தான் உசத்தி என்றால் சண்டைக்கு வாருங்கள். காபி என் செலவு.