கோயில் பெரிதாயிற்று, கடைவீதி?

ஹைதராபாத், சிகந்திராபாத் இரட்டை நகரங்களில் வாழும் தமிழர்கள் ஒரு நாள் விடுமுறையில் போய் வரத்தக்க ஸ்தலம் யாதகிரிகுட்டா. உப்பலில் பஸ் ஏறினால் சுமார் 60 கி.மீ.; மாலைக்குள் வீடு திரும்பிவிடலாம். அங்கே குன்றின்மேல் குகையில் எழுந்தருளியுள்ள லக்ஷ்மி நரசிம்மருக்கு, ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டுக் கருங்கல்லில் ஆலயத்தைப் புதுப்பித்து 2022 மார்ச் 28-ல் திறந்தார்கள். 2014-ல் பிறந்த தெலங்கானாவுக்குத் தனக்கென ஒரு திருப்பதி வேண்டும் என்ற ஆசை அதற்குப் பின்னால் இருந்தது. ஆசையில் தவறில்லை. கல் வேலையும் குறை சொல்லத்தக்கதல்ல. அந்தத் தூண்களைப் பார்க்கும் நம்மவர்க்குச் சொந்த ஊர் ஞாபகம் வரும். ஆனால் கோயிலைக் கட்டியவர்கள் ஊரையும் கட்டினார்களா என்பதுதான் கேள்வி.

கோயில் ஓர் ஊரை எப்படி உண்டாக்கும் என்பதை மதுரைக்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. மீனாட்சியம்மன் சந்நிதியைச் சுற்றி ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி என்று ஒன்றுக்கு வெளியே ஒன்றாக வீதிகள் விரிகின்றன. சுவாமி புறப்பாட்டுக்கும் தேரோட்டத்துக்கும் இடம் வேண்டும் என்பதால் வந்த அமைப்பு அது. திருவிழா இல்லாத நாளில் அதே வீதிகளில் பாத்திரமும் ஜவுளியும் நகையும் விற்பனையாகின்றன. 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்தபோதும் ஊர் கோயிலைக் கைவிடவில்லை. இன்னும் ஒரு சுற்று வெளியே வளர்ந்தது. ஸ்ரீரங்கத்திலோ மதிலுக்குள்ளேயே குடித்தனங்கள் இருக்கின்றன.

மலைக் கோயிலுக்கு இது பொருந்துமா என்று சிலர் கேட்கலாம். பழநி மலையைச் சுற்றியும் கிரிவீதி இருக்கிறது. அங்கும் ஆக்கிரமிப்பு என்று கடைகளை அகற்ற நேர்ந்தது என்பது உண்மையே. வீதியை ஒழுங்கு செய்வது வேறு, வீதியே இல்லாமல் செய்வது வேறு.

குட்டாவில் நடந்தது என்ன? சாலையை அகலப்படுத்த அடிவாரத்துக் கடைகளும் வீடுகளும் இடிபட்டன. தேங்காயும் பூவும் விற்றுப் பிழைத்தவர்கள் நஷ்டஈடும் மாற்றுக் கடையும் கேட்டுத் தெருவில் நின்றார்கள். மலைமேல் ஆட்டோக்களுக்குத் தடை வந்தது. மீண்டும் அனுமதி கிடைத்தது 2024-ல்தான். கார் வைத்திருப்போருக்கு மேலே நிறுத்த முதல் ஒரு மணி நேரத்துக்கு 500 ரூபாய் என்று 2022 மே மாதத்தில் கட்டணம் விதித்தார்கள். கார் இல்லாதவர் பாடு இன்னொரு விதம். நோய் தீர வேண்டிக்கொண்டு மலைமேல் இரவு படுத்து எழுந்து போவது அங்கே பழைய வழக்கம். புதிய ஆலயம் திறந்தபோது அவர்கள் தலைசாய்க்க இடம் கேட்டு அலைய வேண்டியிருந்தது. வாரங்கல் சாலையிலோ, நரசிம்மர் பெயரைச் சொல்லி மனை விற்கும் பலகைகள் வரிசையாக முளைத்தன. வளர்ச்சி வந்தது, ஆனால் பூக்கடைக்காரனுக்கு வரவில்லை. மனைத் தரகருக்கு வந்தது.

செய்ய வேண்டியதைச் செய்ய இன்னும் நேரமிருக்கிறது. அடிவாரத்துக்கு அருகிலேயே புதிய கடைவீதி அமைத்து, இடம் இழந்தவர்களுக்கே முதலில் கொடுக்க வேண்டும். ஏழைகள் இரவு தங்கக் குறைந்த கட்டணத்தில் சத்திரம் வேண்டும். பெரிய விடுதிகள் பிறகு வரட்டும். காஜிபேட் மார்க்கத்தில் ராயகிரி ஸ்டேஷனுக்கு யாதாத்ரி என்று பெயர் மாற்றியாகிவிட்டது. கட்கேசரிலிருந்து அதுவரை 33 கி.மீ. புறநகர் ரயிலை நீட்டும் திட்டமும் 2016-லிருந்து பேசப்படுகிறது. ஸ்டேஷனுக்கும் மலைக்கும் இடையே சில கி.மீ. தூரம். புறநகர் ரயில் ஓடத் தொடங்கினால் அந்த வழியில் ஒரு தெரு தானாக எழும். அதில் முன்வரிசைக் கடைகள் இடம் இழந்த குட்டா வியாபாரிகளுக்கே என்று அரசு இப்போதே எழுதிக் கொடுக்கலாமே.