ஆயிரம் கண், ஆளுக்கொரு மணி

ஆடி ஞாயிற்றுக்கிழமையில் திருவேற்காடு போனவர்களுக்குத் தெரியும், கருமாரியம்மன் கோயில் பக்கம் கால் வைக்க இடம் இருக்காது. அம்மனை ஆயிரம் கண்ணுடையாள் என்பார்கள். இப்போது தெருவுக்கே ஆயிரம் கண்! நகைக்கடை, அடகுக்கடை, டீக்கடை, கல்யாண மண்டபம்... எங்கே நிமிர்ந்தாலும் ஒரு கேமரா. ஏ.கே.விசுவநாதன் கமிஷனராக இருந்த 2017-20 காலத்தில் சென்னை போலீஸ் 'மூன்றாவது கண்' என்று ஊரெல்லாம் கேமரா வைக்கச் சொன்னது. புறநகரிலும் அந்தப் பழக்கம் பரவிவிட்டது. நல்ல விஷயம்தான். ஆனால் இத்தனை கண்களுக்கும் மணி ஒன்றுதானா என்று யாராவது கேட்டார்களா?

ஒரு பேச்சுக்கு இப்படி வைத்துக்கொள்ளுங்கள். செயின் பறித்தவன் பைக்கில் போகிறான். நகைக்கடை கேமராவில் மணி 6.42. இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் பெட்ரோல் பங்க் கேமராவில் 6.41. கிளம்புவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டான்! சிரிப்பாக இருக்கிறதா? 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நிமிடம் என்பது ஒரு கிலோமீட்டர். ஐந்து நிமிடம் பிசகினால் அவன் பூந்தமல்லிப் பக்கமும் இருக்கலாம், மதுரவாயல் பக்கமும் இருக்கலாம்.

"முகம் தெரிந்தால் போதாதா, மணி எதற்கு?" என்று கேட்கலாம். ஹெல்மெட் போட்டவனுக்கு முகம் ஏது? நம்பர் பிளேட்டை மடக்கி வைத்தவனுக்கு நம்பர் ஏது? ஒரு கேமராவையும் அடுத்த கேமராவையும் கோர்ப்பது நேரம் என்ற நூல் மட்டும்தான். அது பிசகினால், அதே ரோட்டில் அதே மாதிரி கறுப்பு பைக்கில் டியூஷன் முடிந்து வீட்டுக்குப் போன பையன் ஸ்டேஷனில் உட்கார வேண்டி வரும். "அந்த நேரத்தில் நான் வேறு இடத்தில் இருந்தேன்" என்று அவன் நிரூபிக்க நம்பியிருப்பதும் இன்னொரு கேமராவின் மணியைத்தான்.

கடிகாரம் ஏன் பிசகுகிறது? ரெக்கார்டர் பெட்டிக்குள் இருப்பது சாதாரண குவார்ட்ஸ் கடிகாரம். நாளுக்கு ஒன்றரை, இரண்டு வினாடி பிசகுவது சகஜம். கண்டுகொள்ளாமல் விட்டால் வருடத்தில் பத்து நிமிடம். உள்ளே இருக்கும் சின்ன பேட்டரி செத்துப்போனால், ஒரு பவர்கட்டில் தேதியே பல வருடம் பின்னால் ஓடிவிடும். சீனாவில் செய்த பெட்டியை அந்த ஊர் நேரத்திலேயே விட்டுவிட்டால் இரண்டரை மணி நேர வித்தியாசம். ஒரே கடையின் நான்கு கேமராவும் ஒரே பெட்டியில் இருப்பதால் ஒத்துப்போகும். கடைக்குக் கடைதான் சண்டை.

காமர்ஸ் படிப்பவர்களுக்கு இது புதிதல்ல. கேஷ் புக் ஒரு கணக்கு சொல்லும், பாஸ் புக் இன்னொன்று சொல்லும். எல்லாம் சரியான பதிவுதான், தேதிதான் வேறு. அதற்குத்தான் வங்கிச் சரிக்கட்டும் பட்டியல் போடுகிறோம். அது இல்லாமல் எந்த ஆடிட்டரும் கையெழுத்துப் போடமாட்டார். கேமராக்களுக்கு மட்டும் அந்தப் பட்டியல் வேண்டாமா?

மற்ற துறைக்காரர்கள் இதில் எப்போதோ விழித்துக்கொண்டார்கள். 1878ல் மைபிரிட்ஜ் என்பவர் ஓடும் குதிரையை 12 கேமராக்களில் எடுத்தபோது, குதிரையே நூலை அறுத்து ஒவ்வொரு கேமராவையும் இயக்கும்படி வைத்தார். அதனால் எது முன், எது பின் என்ற குழப்பமே இல்லை. கிரிக்கெட்டில் எல்.பி.டபிள்யூ. பார்க்கும் கேமராக்கள் ஒரே கணத்தில் படம் பிடிக்க வேண்டும். 140 கிலோமீட்டர் வேகப் பந்து, வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில் கிட்டத்தட்ட 4 சென்டிமீட்டர் நகரும். அது ஒரு ஸ்டம்பின் பருமன்! 2019ல் வெளியான கருந்துளைப் படத்துக்கு, உலகின் பல மூலைகளில் இருந்த தொலைநோக்கிகளை அணுக்கடிகாரம் வைத்து இணைத்தார்கள். திருவேற்காட்டுக்கு அவ்வளவெல்லாம் வேண்டாம். ஒரு வினாடி சுத்தம் போதும்.

சட்டம் என்ன சொல்கிறது? 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷ்ய அதிநியம், 63ஆம் பிரிவின்படி மின்னணுச் சாட்சியத்துக்குச் சான்றிதழ் கேட்கிறது. அதில் கோப்பின் ஹாஷ் எண்ணையும் எழுத வேண்டும். கோப்பில் யாரும் கைவைக்கவில்லை என்பதற்கு அது காட்டு. ஆனால் கடிகாரமே தப்பாக ஓடியிருந்தால்? தப்பான மணிக்குத்தான் சீல் வைத்ததாகும்! அரசு அலுவலகங்களும் நிறுவனங்களும் தங்கள் கணினிக் கடிகாரங்களை அரசின் நேர சர்வரோடு சேர்க்க வேண்டும் என்று செர்ட்-இன் 2022 ஏப்ரலில் உத்தரவிட்டது. அந்த அக்கறை டீக்கடைப் பெட்டி வரை வரவேண்டும்.

பெரிய செலவு ஒன்றும் இல்லை. பெட்டியை இன்டர்நெட்டில் இணைத்து, தானாக நேரம் திருத்தும் வசதியை ஆன் செய்தால் போதும். இணைப்பு இல்லாத கடைக்காரர் மாதம் ஒருமுறை செல்போனைப் பார்த்து மணியைத் திருத்தலாம். பதிவை எடுக்க வரும் போலீஸ்காரர், பெட்டியின் மணியும் செல்போன் மணியும் ஒன்றாகத் தெரியும்படி ஒரு போட்டோ எடுத்து, வித்தியாசத்தை மகஜரில் எழுதிவிட வேண்டும். 2022 ஜனவரியில் தனி கமிஷனரேட்டான ஆவடி இதை ஆரம்பித்து வைத்தால் மற்ற ஊர்களும் பிடித்துக்கொள்ளும்.

கேமராவுக்கு நன்கொடை கேட்க ஆள் இருக்கிறது. திறப்பு விழாவுக்கு ரிப்பன் இருக்கிறது. மணியைத் திருத்த மட்டும் ஒருவருக்கும் நேரமில்லை. அடுத்த முறை டீ குடிக்கும்போது கல்லாவுக்கு மேலே இருக்கும் திரையில் மணி எத்தனை என்று பாருங்கள். தப்பாக இருந்தால் அண்ணாச்சியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள்.