ஆவரேஜ் கேட்பதை நிறுத்துவோம்

"ஸ்ட்ராவாவில் ஏறாத ரைடு ரைடே இல்லை." சைக்கிள் குழுக்களில் இன்று இது வேதவாக்கு. புதுச்சேரியிலிருந்தோ திண்டிவனத்திலிருந்தோ விடியலில் செஞ்சிக்கு மிதித்து வருகிறவர், டீக்கடை வாசலில் கால் ஊன்றியதும் முதலில் செய்வது பயணத்தைப் பதிவுசெய்யும் அந்த ஸ்ட்ராவா செயலியை நிறுத்தி வைப்பது. டீ குடிக்கும் நேரம் சராசரி வேகத்தைக் குறைத்துவிடுமோ என்ற கவலை. கூட வந்தவர் கேட்கும் முதல் கேள்வி, "ஆவரேஜ் எவ்வளவு?" வீடு திரும்பும்போது திரையில் 98.7 கிலோமீட்டர் என்று காட்டினால், தெருமுனையில் நாலைந்து சுற்றுச் சுற்றி நூறாக்கிவிட்டுத்தான் இறங்குகிறார்கள். ஆசைக்காகச் சைக்கிள் ஓட்டுகிறவரும் அளந்தே தீர வேண்டும் என்ற இந்த நம்பிக்கை தவறானது. பலன் தருவதாகச் சொல்லிக்கொண்டு, சைக்கிளின் பயனையே அது பறிக்கிறது.

அளந்தால்தான் உடம்பு தேறும் என்பார்கள். பிட்ஸ்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எடை குறைக்க விரும்பிய 471 இளம் வயதினரை இரண்டு ஆண்டுகள் கவனித்து, 2016-இல் முடிவை வெளியிட்டார்கள். எல்லோருக்கும் உணவு, உடற்பயிற்சி ஆலோசனை உண்டு. ஒரு பிரிவினருக்கு மட்டும் உடல் அசைவை அளக்கும் கருவி கூடுதலாகத் தரப்பட்டது. கருவி அணிந்தவர்கள் சராசரியாக 3.5 கிலோ குறைந்தார்கள். அணியாதவர்கள் 5.9 கிலோ குறைந்தார்கள்.

ஆர்வமாவது வளருமா? அதே 2016-இல் டியூக் பல்கலைக்கழகத்தின் ஜோர்டன் எட்கின் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பதில் சொல்கிறது. நடப்பது, படிப்பது, வண்ணம் தீட்டுவது போன்று மனம் விரும்பிச் செய்கிற காரியங்களை அளக்கத் தொடங்கியதும் மக்கள் அவற்றைக் கொஞ்சம் அதிகம் செய்தார்கள். ஆனால் அனுபவித்த இன்பம் குறைந்தது. பிறகு அவற்றைத் தாமாகத் தொடரும் விருப்பமும் குறைந்தது. விளையாட்டை வேலையாக்கினால் வேலை மீது வரும் சலிப்பு அதன் மீதும் வரத்தான் செய்யும்.

இப்படி அளப்பதால் நாம் எதை இழக்கிறோம் என்பதைச் செஞ்சியில் கண்ணெதிரே பார்க்கலாம். திருவண்ணாமலை சாலை கோட்டையின் நடுவே போகிறது: ஒரு பக்கம் கிருஷ்ணகிரிக் குன்று, மறுபக்கம் ராஜகிரி, தள்ளி சந்திரகிரி. மராட்டிய மன்னர் ராஜாராமைப் பிடிக்க வந்த முகலாயப் படை 1690 முதல் 1698 வரை காத்துக் கிடந்த இடம் இது. மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டை யுனெஸ்கோ 2025 ஜூலையில் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது, மகாராஷ்டிரத்துக்கு வெளியே இடம்பெற்றது செஞ்சி மட்டுமே. இத்தனையும் இருக்க, மதிலோரம் சைக்கிளைச் சாய்த்து ஒரு படம் எடுத்துக்கொண்டு, வேகம் விழுவதற்குள் திரும்பிவிடுகிறார்கள்.

ஊருக்கு வடக்கே சில கிலோமீட்டர் போனால் சிங்கவரம். குன்றைக் குடைந்து, கிடந்த கோலத்தில் அரங்கநாதரைச் செதுக்கியிருக்கிறார்கள் பல்லவர் காலச் சிற்பிகள். அருகிலுள்ள திருநாதர்குன்றில் ஒரே பாறையில் இருபத்து நான்கு சமணத் தீர்த்தங்கரர்கள் இரண்டு வரிசையாக அமர்ந்திருக்கிறார்கள். அங்கே ஒரு மணி நேரம் நின்றால் செயலியின் கணக்கில் அது வெறும் நிறுத்தம். எதை மதிப்பது என்று செயலி முடிவு செய்ய, நாம் அதன்படி பாதையைத் தேர்ந்தெடுக்கிறோம். நான் எதிர்ப்பது இந்த அடிபணிதலைத்தான்.

ஆபத்தும் உண்டு. 2010-இல் கலிபோர்னியாவின் பெர்க்லியில், ஸ்ட்ராவாவின் வேகப் பட்டியலில் பறிபோன முதலிடத்தை மீட்க மலைச்சாலையில் வேகமாக இறங்கிய ஒருவர் விபத்தில் இறந்தார். 2018-இல், பயனர்களின் பதிவுகளைத் தொகுத்த ஸ்ட்ராவா நிறுவனத்தின் உலக வரைபடத்தில் ராணுவ முகாம்களின் நடமாட்டமே தெரிந்துவிட்டது. 2024-இல் பிரான்ஸ் அதிபரின் மெய்க்காவலர்கள் ஓடிய பதிவுகளை வைத்தே அவர் பயண இடங்களைக் கண்டுபிடிக்க முடியும் என்று 'லெ மோந்த்' நாளிதழ் காட்டியது. காவலர்களுக்கே இந்தக் கதி என்றால், தினமும் ஐந்து மணிக்குத் தனியாகக் கிளம்பும் ஒரு பெண் தன் தெருவையும் நேரத்தையும் ஊரறியப் போடுவது எவ்வளவு பெரிய அபாயம்!

பந்தயத்துக்குத் தயாராகிறவர் அளக்கட்டும். இதய நோயாளிக்கு மருத்துவர் சொன்னால் நாடித்துடிப்பைக் கட்டாயம் பார்க்க வேண்டும். வீட்டார் கவலைப்பட்டால், இருக்கும் இடத்தை அவர்களுக்கு மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பலாம். அதற்கு லீடர்போர்டு தேவையில்லை. மற்றவர்களுக்கு இந்தக் கணக்கால் ஆவதொன்றும் இல்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தின் வழியே ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றார்கள். பஸ்ஸுக்கும் வீட்டு ஆண்களுக்கும் காத்திராமல் நினைத்த இடத்துக்குப் போக முடிந்தது. அதுதான் அவர்களுக்குக் கிடைத்த பலன். வேகம் யாருக்கும் பொருட்டாக இல்லை. நினைத்த இடத்தில் திரும்பவும் நிற்கவும் முடிகிற அந்தச் சுதந்திரத்தை, கையில் காசும் நல்ல சைக்கிளும் உள்ள நாம் ஒரு திரைக்கு எழுதிக் கொடுத்துவிட்டோம். அதைத் திரும்ப வாங்கச் செலவேதும் இல்லை. வரும் ஞாயிறு பதிவைத் தொடங்காமல் கிளம்புங்கள்; சிங்கவரத்துக்குத் திரும்பும் இடத்தில் திரும்புங்கள். வழியில் யாரைச் சந்தித்தாலும் ஆவரேஜைக் கேட்காதீர்கள். என்ன பார்த்தீர்கள் என்று கேளுங்கள்.