கமராப் போட்டியும் நம் ஏடுகளும்

வாணிகத்திலே போட்டி மிகுந்தால் பொருள் தரமுறும்; விலை தாழும். இவ்வுண்மைக்கு இக்காலத்திலே தக்க சான்று டிஜிட்டல் கமராவின் வரலாறு. குச்சவெளிக் கடற்கரையிலே வலை இழுக்கும் இளைஞன் கையிலும் இன்று படமெடுக்கும் கருவி உண்டு. அது அவன் கைக்கு வந்த வழியிலே பெருங் கம்பனிகள் சில வீழ்ந்து கிடக்கின்றன. அவை ஏன் வீழ்ந்தன, அவற்றின் போட்டியால் நமக்கு விளைந்தது யாது என்னும் இரண்டையும் ஆராய்தல் தமிழ் பயில்வார்க்குப் பயன் தரும்.

முன்னாளிலே படம் பதிந்தது வெள்ளி உப்புப் பூசிய பிலிம் சுருளில். 36 படம் எடுத்ததும் சுருள் முடியும். புதிய சுருளுக்கு ஒரு விலை. கழுவுவதற்கும் அச்சிடுவதற்கும் வேறு கூலி. கமராவை ஒருவன் ஒருமுறையே வாங்குவான். பிலிமையோ வாழ்நாள் முழுதும் வாங்குவான். இந்நுட்பத்தை நன்கறிந்து வளர்ந்தது அமெரிக்காவின் கொடாக் கம்பனி.

வியப்பு யாதெனில், டிஜிட்டல் கமராவை முதன்முதல் ஆக்கியவரும் அக்கம்பனியின் பொறியியலாளரே. 1975 இல் ஸ்டீவன் சாசன் அமைத்த அக்கருவி ஏறக்குறைய மூன்றரைக் கிலோ நிறையுடையது. 10,000 புள்ளிகளாலான கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றை ஒலிநாடாவிலே பதிக்க 23 விநாடி கொண்டது. 1991 இல் நிக்கோன் கமராவின் உடலிலே தன் ஒளியுணரியைப் பொருத்தி விற்கவும் கொடாக் முன்வந்தது. ஆயினும் அதன் நெஞ்சம் பிலிமின் வருவாயை விட்டு நீங்கவில்லை. 2012 ஜனவரியிலே கடன்காரரிடமிருந்து காக்குமாறு நீதிமன்றத்தை நாடியது.

தமிழகத்திலும் இதற்கோர் எடுத்துக்காட்டு உண்டு. 1960 இல் உதகமண்டலத்திலே நிறுவப்பெற்ற இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்னும் அரச நிறுவனம், ‘இந்து’ என்னும் பெயரால் பிலிம் விற்றது. கடன்சுமையும் பிறநாட்டுப் போட்டியும் ஒருபுறம் நெருக்க, டிஜிட்டல் வெள்ளம் மறுபுறம் சூழ, ஈற்றிலே அது மூடப்பட்டது. அதே பிலிம் தொழிலிலிருந்த யப்பானின் பியூஜிபிலிமோ தன் இரசாயன அறிவை மருந்து, முகப்பூச்சு முதலிய துறைகளிலே செலுத்திப் பிழைத்தது.

பின்னர் யப்பானியர் தமக்குள்ளே பொருதனர். 1999 இல் நிக்கோன் தானே முழுதும் ஆக்கிய டி1 என்னும் கமராவால் பத்திரிகைப் படப்பிடிப்பாளரைக் கவர்ந்தது. 2003 இல் கனன் ஆயிரம் டொலருக்குக் குறைந்த விலையிலே ஒன்றை வெளியிட்டுப் பொதுமக்களை ஈர்த்தது. 2008 இல் பானசொனிக் கமராவின் உட்கண்ணாடியையே நீக்கிச் சிறிதாக்கியது. 2006 இல் கொனிக்கா மினோல்ட்டாவின் கமராத் தொழிலை ஏற்ற சொனி, 2013 இல் அவ்வழியே பெரிய ஒளியுணரி கொண்ட கமராவை ஆக்கியது. முன்னணியில் நின்ற நிக்கோனும் கனனும் அதனையொத்த கமராக்களை 2018 வரை வெளியிடவில்லை. பழஞ்சரக்கு நன்கு விற்குங்கால் புதுவழி புகுதல் அரிது போலும்.

இவர் தம்முள் பொருதுகொண்டிருக்க, கைத்தொலைபேசி சந்தையைக் கவர்ந்தது. 2010 இல் 12 கோடிக்கு மேல் விற்பனைக்கு அனுப்பப்பட்ட டிஜிட்டல் கமரா, 2023 இல் 80 இலட்சத்துக்கும் கீழே இறங்கியது. கைத்தொலைபேசிகளுக்கு வேண்டும் ஒளியுணரிகளைச் செய்து விற்பதிலோ சொனி முன்னிற்கின்றது. தன் பழம்பொருளைத் தானே வெல்லத் துணிந்தவர் நிலைத்தனர். அதனைக் கட்டிக் காத்தவர் அதனோடு அழிந்தனர். இதுவே இப்போட்டி காட்டும் உண்மை.

இனி, நமக்கு விளைந்தது யாது? 200 ஓலை கொண்ட சுவடி ஒன்றின் இருபுறமும் படமெடுக்க 400 படம் வேண்டும். பிலிம் காலத்திலே அதற்குப் பன்னிரண்டு சுருள் வேண்டியிருந்தது. ஓர் ஆசிரியன் சம்பளம் அதற்கு ஆற்றாது. இன்று அதே பணியை மாணவன் ஒருவன் ஒரு மாலைப்பொழுதிலே செலவின்றி முடிக்கலாம். 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது மறுபடி இல்லாத சுவடிகளும் எரிந்தன. 2004 டிசம்பரிலே நம் கடற்கரையை ஆழிப்பேரலை தாக்கியபோது, வீடுகளோடு அவற்றுள் இருந்த படங்களும் ஆவணங்களும் அழிந்தன. அன்று இல்லாத வாய்ப்பு இன்று நம் கையில் உளது. 2005 முதல் நூலகம் நிறுவனம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் இம்முறையிலே காத்து வருதல் போற்றத்தக்கது.

ஆனால் ஒன்று கருதுக. படத்தைத் தெளிவாக்கவும் விரைவாக்கவும் போட்டியிட்ட கம்பனிகள், எடுத்த படத்தை நூறாண்டு காக்கும் பொறுப்பை ஏற்கவில்லை. கைத்தொலைபேசி உடையும், நினைவட்டை பழுதுறும், உப்புக்காற்று எக்கருவியையும் விடாது. நம் முன்னோர் ஏடு சிதையுமுன் வேறேட்டிலே பெயர்த்தெழுதினர். அதனாலன்றோ சங்க நூல்கள் நமக்குக் கிடைத்தன. டிஜிட்டல் படத்துக்கும் அதுவே விதி. சுவடியின் பெயர், உடையவர், ஊர், படமெடுத்த நாள் ஆகியவற்றைக் குறித்து, மூன்று இடங்களிலே படிவைத்து, சில ஆண்டுக்கு ஒருமுறை புதிய கருவிக்கு மாற்றுதல் வேண்டும்.

வெருகலிலும் தம்பலகாமத்திலும் குச்சவெளியிலும், யார் வீட்டுப் பெட்டகத்திலேனும் வைத்திய ஏடோ கும்மிப் பாடலோ பழைய உறுதியோ இருக்குமாயின், உடையவர் இசைவு பெற்று, வரும் விடுமுறையிலேயே ஆசிரியரும் மாணவரும் இப்பணியைத் தொடங்குவாராக.